விந்தணு குறைவுக்குச் சீன மூலிகை: தொடரலாமா, நிறுத்தலாமா?

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 38, மனைவிக்கு 35. இருவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். மூன்று ஆண்டுகளாகக் குழந்தைக்கு முயல்கிறார்கள். மனைவியின் பரிசோதனைகளில் குறை எதுவும் தெரியவில்லை. கணவரின் விந்துப் பரிசோதனையில் மில்லிலிட்டருக்கு 9 மில்லியன் அணுக்கள்தான் இருந்தன. பலதுறை மருந்தக (பாலிகிளினிக்) டாக்டர் நிபுணரைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். கூச்சத்தால் இவர் போகவில்லை. அந்த நேரத்தில் உடன் வேலை செய்யும் சீன நண்பர், “என் அண்ணனுக்கு அங்கே மருந்து எடுத்த பிறகுதான் பிள்ளை பிறந்தது” என்று ஒரு சீன மருத்துவரிடம் அழைத்துப் போனார். மருத்துவர் நாடி பிடித்தார், நாக்கைப் பார்த்தார், “சிறுநீரகத்தில் யாங் குறைவு” என்றார் (யாங் என்பது அவர்கள் முறையில் உடலின் வெப்ப ஆற்றல்). பயந்துபோன இவர் தனியாகச் சிறுநீரகப் பரிசோதனையும் செய்துகொண்டார். எல்லாம் சரியாக இருந்தது.

நான்கு மாதங்களாகக் காலையும் மாலையும் ஒரு கரண்டி பழுப்புப் பொடியை வெந்நீரில் கரைத்துக் குடிக்கிறார். மாதம் 400 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இரண்டாம் பரிசோதனையில் எண்ணிக்கை 14 மில்லியன் ஆகிவிட்டது. “இன்னும் ஆறு மாதம் சாப்பிடுங்கள்” என்கிறார் சீன மருத்துவர். மனைவியோ ஐவிஎஃப் (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் சிகிச்சை) போகலாம் என்கிறார். அம்மா லிட்டில் இந்தியாவின் தேக்காவிலிருந்து லேகியம் வாங்கித் தருகிறார், அதையும் சாப்பிடுகிறார். நடுவில் இணையத்தில் ஒரு ‘மூலிகை வீரிய’ மாத்திரையும் வாங்கியிருக்கிறார், அது “அன்றைக்கு இரவே வேலை செய்தது” என்று எழுதுகிறார்.

அவர் கேட்பவை: பொடியைத் தொடரலாமா? அதில் ஸ்டீராய்டு இருக்குமா? மனைவியும் குடிக்கலாமா? மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காதுதானே?

உங்கள் கடிதத்தில் முக்கியமான மூன்று செய்திகளை நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். முதல் பரிசோதனைக்கு ஒரு மாதம் முன்பு டெங்கு வந்து மருத்துவமனையில் இருந்தீர்கள். நெடுநேரம் நின்றால் இடப்பக்க விரை கனக்கிறது, “அது சாதாரணம்தானே” என்று ஒரு வரி. கட்டுக்குள் இருந்த ரத்த அழுத்தம் அண்மையில் 150/96 காட்டியது, மாத்திரை அளவைக் கூட்டியிருக்கிறார்கள். நீங்கள் கேட்ட கேள்விகளுக்கான பதில் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

9 எப்படி 14 ஆனது?

மருந்து வேலை செய்கிறது என்பதற்கு நீங்கள் வைத்திருக்கும் ஒரே சாட்சி இந்த எண். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

ஒரு விந்தணு விரையில் உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகும். பிறகு விரையை ஒட்டிய குழாயில் முதிர்ந்து வெளியே வர ஒன்றிரண்டு வாரம். ஆக, இன்று நீங்கள் கொடுக்கும் மாதிரி, கடந்த மூன்று மாதம் உங்கள் உடம்பு எப்படி இருந்தது என்பதன் பதிவு. கடுமையான காய்ச்சல் விந்தணு உற்பத்தியைக் குலைத்துவிடும். மீண்டு வர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். டெங்கு முடிந்து ஒரு மாதத்தில் எடுத்த மாதிரி மோசமாக இருந்ததில் வியப்பே இல்லை. பிறகு காய்ச்சலின் தாக்கம் விலகியிருக்கும், எண்ணிக்கை ஏறியிருக்கும். அந்த மாதங்களில் நீங்கள் வெறும் வெந்நீர் குடித்திருந்தாலும் ஏறியிருக்கக்கூடிய ஏற்றம் இது.

காய்ச்சலை விட்டுவிட்டாலும், ஒரே ஆணின் எண்ணிக்கை மாதத்துக்கு மாதம் நிறைய மாறும். முதல் மாதிரிக்கு முன் விந்து வெளியேறாமல் ஒரு நாள் இடைவெளி, அடுத்ததற்கு ஆறு நாள் என்றால் அதுவே எண்ணைக் கூட்டிக் காட்டும். அதனால்தான் குறைந்தது இரண்டு பரிசோதனை, ஒவ்வொன்றுக்கும் முன் 2 முதல் 7 நாள் இடைவெளி என்று வைத்திருக்கிறோம். உங்கள் இரண்டில் ஒன்று டெங்குக் கணக்கில் போய்விட்டது. கையில் இருப்பது ஒன்றுதான்.

அந்த ஒன்று என்ன சொல்கிறது? உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ்வரம்பு மில்லிலிட்டருக்கு 16 மில்லியன், ஒரு முறையில் மொத்தம் 39 மில்லியன், அதில் முன்னோக்கி நீந்துபவை 30 விழுக்காடு. உங்களுடையது 14 மில்லியன், அளவு 2.2 மில்லிலிட்டர், நீந்துபவை 24 விழுக்காடு. மொத்தம் ஏறக்குறைய 31 மில்லியன். குறைவுதான், ஆனால் கதவு சாத்திய நிலை இல்லை. அந்தக் கீழ்வரம்பே, ஓராண்டுக்குள் மனைவி கருவுற்ற ஆண்களில் கடைசி 5 விழுக்காட்டினர் இருந்த இடத்தில் போட்ட கோடு. அதற்குக் கீழே இருந்தும் இயல்பாகத் தகப்பனானவர்கள் இருக்கிறார்கள். நண்பரின் அண்ணனும் அப்படி ஒருவராக இருக்கலாம்.

சீன மருந்து பற்றி என்ன தெரியும்?

உங்கள் பொடியில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஏனென்றால் கேட்கவில்லை. இந்தப் பிரச்சினைக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் பழைய கலவை ஒன்று உண்டு: ‘வூ-ட்ஸு யான்-ட்சோங் வான்’. ஐந்து சரக்குகள் சேர்ந்தது. நீங்கள் சூப்பில் பார்த்திருக்கும் கோஜி பெர்ரி, கஸ்கூட்டா என்ற ஒட்டுண்ணிக் கொடியின் விதை, ராஸ்பெரி வகைப் பழம் ஒன்று, ஷிசாண்ட்ரா பழம், இசப்கோல் இனத்துச் செடியின் விதை. இதை அடிப்படையாக வைத்து, ஆளுக்கு ஏற்ப வேறு மூலிகைகளைக் கூட்டிக் குறைப்பார்கள். ‘சிறுநீரகம்’ என்று அவர் சொன்னது ரத்தத்தை வடிகட்டும் உறுப்பை அல்ல. அவர்கள் முறையில் வளர்ச்சியும் இனப்பெருக்க ஆற்றலும் குடியிருக்கும் இடத்துக்கு அந்தப் பெயர். சிறுநீரகப் பரிசோதனையில் பார்க்கும் கிரியாட்டினின் அளவு சரியாக இருந்ததில் ஆச்சரியம் இல்லை, இனி அந்தப் பயம் வேண்டாம்.

இந்த மருந்துகளைப் பற்றி ஆய்வே இல்லை என்று யாராவது சொன்னால் அது தவறு. சீனாவில் நிறைய நடந்திருக்கிறது, பலவற்றில் எண்ணிக்கையும் நீந்தும் திறனும் கூடியதாகவே முடிவு. சிக்கல் வேறு இடத்தில். பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிடாமல் இன்னொரு மருந்தோடு ஒப்பிட்டவை நிறைய. முக்கியமாக, அவை அளந்தது விந்தணுவை. குழந்தை பிறந்ததா என்பதைப் பார்த்தவை மிகக் குறைவு. நமக்கு வேண்டியது குழந்தைதானே?

இது சீன மருந்துக்கு மட்டும் உள்ள நோய் இல்லை. துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் விந்தணுவுக்கு நல்லது என்று நாங்களே ஆண்டுக்கணக்கில் எழுதிக் கொடுத்தோம். அமெரிக்காவில் 2,370 ஆண்களை வைத்து, பாதிப் பேருக்குப் போலி மாத்திரை கொடுத்து முறையாகச் சோதித்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. விந்தணுவின் எண்ணிக்கையிலும் நீந்தும் திறனிலும் வித்தியாசம் இல்லை, குழந்தை பிறப்பிலும் இல்லை: ஒரு பக்கம் 34 விழுக்காடு, மறுபக்கம் 35. கூடுதலாகக் கிடைத்தது வயிற்றுக் கோளாறு. ஆகவே உங்கள் சீன மருத்துவரை நான் ஏளனம் செய்யப் போவதில்லை. ஆனால் “இன்னும் ஆறு மாதம்” என்பதை ஏற்க மாட்டேன். ஒரு முழு விந்தணுச் சுழற்சிக்கு மூன்று மாதம் போதும். நீங்கள் நான்கு கொடுத்துவிட்டீர்கள்.

‘மூலிகைதானே’ என்ற நம்பிக்கை

மூலிகை விந்தணுவைத் தொடாது என்று நினைக்காதீர்கள். தொடும், சில சமயம் தலைகீழாக. ‘லெய் கோங் தெங்’ என்ற கொடி சீன மருத்துவத்தில் மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படுவது. அதைச் சாப்பிட்ட ஆண்களுக்கு விந்தணு குறைவதைக் கண்டு, 1980-களில் சீன விஞ்ஞானிகளே அதை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக்க முடியுமா என்று ஆராய்ந்தார்கள். அதற்கும் முன்பு, 1970-களில், பருத்திக்கொட்டையில் உள்ள காசிபால் என்ற பொருளை எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கருத்தடை நன்றாகவே வேலை செய்தது. ஆனால் சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தாக இறங்கியது. சிலருக்கு மருந்தை நிறுத்திய பிறகும் விந்தணு திரும்பவே இல்லை. உங்கள் பொடியில் இவை இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. மூட்டுவலிக்கென்று தனியாக ஏதாவது சீன மருந்து சாப்பிட்டால் மட்டும் அவசியம் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகிப்பது நமக்கு நன்றாகத் தெரிந்த அதிமதுரத்தை. சீனக் கலவைகளில் மிக அதிகமாகச் சேரும் சரக்குகளில் அது ஒன்று, ‘கான் சாவ்’ என்பார்கள். நம் லேகியங்களிலும் உண்டு. நாள்கணக்கில் போனால் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். ஒழுங்காக இருந்த உங்கள் அழுத்தம் இந்த நான்கு மாதத்தில் ஏறியிருக்கிறது. காரணம் தேடாமல் மாத்திரை கூடியிருக்கிறது. பொடி குடிப்பதைப் பலதுறை மருந்தக டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். இந்த வாரமே போய்ச் சொல்லி, பொட்டாசியம் பார்க்கச் சொல்லுங்கள். ஈரல் பரிசோதனையும் சேர்த்துச் செய்துவிடலாம். முடிக்கும் ‘பலத்துக்கும்’ கொடுக்கப்படும் ‘ஹோ ஷோ வூ’ என்ற சீனக் கிழங்கு ஈரலைக் கெடுத்த நிகழ்வுகள் உண்டு. லேகியத்தில் இருக்கும் அமுக்கராவாலும் அரிதாக அப்படி ஆகியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட்டால் எது என்ன செய்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நெருஞ்சில் இரு மருத்துவ முறைகளிலும் உண்டு. அறியாமலே இரட்டை அளவு சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். லேகியத்தை இன்றே நிறுத்துங்கள், அம்மாவிடம் என் பெயரைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்த இணைய மாத்திரை. அதை மறுபடி தொடவே கூடாது. மூலிகை எதுவும் “அன்றைக்கு இரவே” அப்படி வேலை செய்வதில்லை. உள்ளே வயாகரா வகை மருந்து கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ரத்த அழுத்த மாத்திரை எடுக்கும் உங்களுக்கு அது தலைச்சுற்றலும் மயக்கமும் தரலாம். இதைவிட மோசமாகவும் நடந்திருக்கிறது, உங்கள் ஊரிலேயே. 2008-இன் முதல் ஐந்து மாதங்களில் சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் ரத்தச் சர்க்கரை அடியோடு விழுந்து சிங்கப்பூர் அரசு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். நான்கு பேர் இறந்துபோனார்கள். காரணம், வீரியத்துக்கென்று விற்ற கள்ள மாத்திரைகளில் கலந்திருந்த கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மருந்து.

ஸ்டீராய்டு இருக்குமா என்று கேட்டீர்கள். பதிவுபெற்ற மருத்துவரின் மருந்தில் இருக்கக் கூடாது. சிங்கப்பூரில் சீன மருத்துவர்களுக்குத் தனிச் சட்டமும் (2000) பதிவு வாரியமும் உண்டு. அவர் பெயரை வாரியத்தின் இணையப் பட்டியலில் நீங்களே தேடிப் பார்க்கலாம். அவர் கொடுக்கும் ஒவ்வொரு மூலிகையின் பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையானவர் தயங்க மாட்டார். தயங்கினால் அங்கே போவதை நிறுத்திவிடுங்கள். சுகாதார அறிவியல் ஆணையத்தின் பட்டியலில் இருக்கும் பெட்டி மருந்து என்றால், அது பாதுகாப்பும் தரமும் பார்த்துக் கொடுத்த அனுமதி. ‘பிள்ளை பிறக்கும்’ என்று யாரும் சான்றிதழ் தரவில்லை. மலட்டுத்தன்மையைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு மருந்து விளம்பரம் செய்வதை அங்குள்ள மருந்துச் சட்டம் தடுக்கிறது. அப்படி விளம்பரம் செய்பவர் சட்டத்தை மீறிக்கொண்டே உங்களிடம் பேசுகிறார்.

இதுவரை யாரும் செய்யாதது

உங்களை இதுவரை ஒருவரும் ஆடை விலக்கிப் பரிசோதிக்கவில்லை. நாடி பார்த்தாகிவிட்டது, ரத்தம் எடுத்தாகிவிட்டது, விந்தும் கொடுத்தாகிவிட்டது. விரையைத் தொட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் யாரும் ஒதுக்கவில்லை. இடப்பக்கம், நின்றால் கனம், விந்தணு குறைவு. இது மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் தேடுவது வேரிகோசீல், அதாவது விரைக்குப் போகும் சிரைகள் புடைத்துக்கொள்வது. ஆண்களில் சுமார் 15 விழுக்காட்டினருக்கு இருக்கும்; குழந்தையில்லை என்று வரும் ஆண்களில் 35 முதல் 40 விழுக்காடு வரை. நிற்க வைத்து, முக்கச் சொல்லி, விரலால் தடவிப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். கையில் தட்டுப்படும் அளவுக்கு இருந்து விந்தணுவும் குறைவாக இருந்தால், நுண்ணோக்கி வைத்துச் செய்யும் சிறு அறுவை சிகிச்சை உண்டு. பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். எந்தப் பொடியும் புடைத்த சிரையைக் கட்டாது.

நிபுணர் காலை நேரத்து டெஸ்டோஸ்டிரோனும் விந்தணு உற்பத்தியைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹார்மோனும் பார்ப்பார். புகை, மது, உடல் எடை, ஜிம்மில் ஊசி போட்டதுண்டா என்றெல்லாம் கேட்பார். வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். வெளியிலிருந்து போடும் டெஸ்டோஸ்டிரோன் ஆண்மையைக் கூட்டும் என்று பலர் நம்புகிறார்கள். விந்தணு உற்பத்தியை அது நிறுத்தியே விடும்.

ஐவிஎஃப் பற்றி உங்களுக்கும் மனைவிக்கும் நடுவில் நடக்கும் வாக்குவாதத்தில் நான் உங்கள் மனைவியின் பக்கம். உடனே ஐவிஎஃப் செய்தாக வேண்டும் என்பதால் அல்ல, காலத்தைப் பற்றிக் கவலைப்படுவது வீட்டில் அவர் ஒருவர்தான் என்பதால். அவருக்கு 35. முட்டையின் எண்ணிக்கையும் தரமும் இனி வேகமாக இறங்கும். ஐவிஎஃப் வெற்றியும் பெரும்பாலும் பெண்ணின் வயதைத்தான் பொறுத்தது. இப்போதைய எண்களை வைத்துப் பார்த்தால் முன்னோக்கி நீந்தும் அணுக்கள் மொத்தம் ஏறக்குறைய 7 மில்லியன். சுத்தம் செய்த விந்தைக் கருப்பைக்குள் செலுத்தும் ஐயுஐ முறைக்கு இது விளிம்பில் இருக்கும் எண். ஒன்றிரண்டு முறை முயன்று பார்க்கலாம் என்று சில மருத்துவர்கள் சொல்வார்கள், நேரே ஐவிஎஃப்-க்குப் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். ஐவிஎஃப்-இல் ஒரு முட்டைக்குள் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் செலுத்தும் ‘இக்ஸி’ முறைக்கு உங்களிடம் இருப்பது தாராளம். வேரிகோசீல் இருந்தால் அறுவை முதலா, ஐவிஎஃப் முதலா என்பதை உங்கள் மனைவியின் முட்டை இருப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தச் சந்திப்புக்கு இருவரும் சேர்ந்தே போங்கள்.

பணத்துக்கு: மனைவி 40 வயதுக்குள் இருக்கும் குடிமக்கள் தம்பதிக்கு, அரசு மருத்துவமனையில் செய்தால் ஐவிஎஃப் செலவில் 75 விழுக்காடு வரை, புதிய சுழற்சி ஒன்றுக்கு அதிகபட்சம் 7,700 வெள்ளி வரை அரசு ஏற்கிறது. மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவிலிருந்தும் எடுக்கலாம். மாதம் 400 வெள்ளியை இன்னும் ஆறு மாதம் கொடுத்தால் 2,400 ஆகும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனைவியும் குடிக்கலாமா?

வேண்டாம். கருவுற்றது தெரியும் முன்பே சில வாரங்கள் ஓடிவிடும். அந்த நேரத்தில் உள்ளே போகக் கூடாத சீன மூலிகைகள் பல உண்டு. ஐவிஎஃப் ஊசிகள் தொடங்கினால், அந்த மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் எடுக்கவே கூடாது.

உங்கள் பொடியைப் பொறுத்தவரை என் பதில்: ரத்த அழுத்தக் காரணம் தெளிவாகும் வரை நிறுத்தி வையுங்கள். பிறகும் மனம் கேட்கவில்லை என்றால், மூலிகைப் பட்டியலை நிபுணரிடம் காட்டிவிட்டு, சிகிச்சைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். சிகிச்சைக்குப் பதிலாக மட்டும் கூடாது.

வீட்டில் ஒரு வேலை

“அம்மா குறை மருமகளிடம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், நானும் திருத்தவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று ஆண்டுகளாக உங்கள் அறிக்கையின் பழியை உங்கள் மனைவி சுமக்கிறார், அதுவும் உங்களுக்குத் தெரிந்தே. அம்மாவிடம் விந்தணுக் கணக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. “டாக்டர் எனக்குத்தான் சிகிச்சை வேண்டும் என்கிறார், அவளுக்கு ஒன்றும் இல்லை” என்ற ஒரே வாக்கியம் போதும். மனைவி பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது. இதில் உங்கள் ஆண்மைக்கு எந்த இழுக்கும் இல்லை.

பலதுறை மருந்தகம் கொடுத்த பழைய கடிதம் காலாவதியாகியிருக்கும், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நிபுணரிடம் போகும்போது இரண்டு விந்து அறிக்கைகள், டெங்குக்காக மருத்துவமனையில் இருந்த தேதி, பொடி டப்பா, லேகிய டப்பா, மிச்சம் இருந்தால் அந்த இணைய மாத்திரை, எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். மூன்றாவது விந்துப் பரிசோதனையை மூன்று நான்கு நாள் இடைவெளி விட்டு, அதே ஆய்வகத்திலேயே செய்யுங்கள். அதற்குள் மறுபடி காய்ச்சல் வந்தால் மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள், ஆனால் நிபுணரைப் பார்க்கும் தேதியைத் தள்ளிப் போடாதீர்கள்.